அர்த்தம் தெரிகிறது, ஆனால் கோடிட்ட இடத்தில் எதைப் போடுவது?
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ஆங்கிலச் சொற்களைப் படிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்பதால் அவர்கள் கேள்வியையே முதலில் வைத்து, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். முக்கியமான ஆங்கிலச் சொற்கள் ஆயிரத்தைத் தமிழ் அர்த்தத்தோடு போட்டிருந்த ஒரு பி.டி.எஃப்.பை மனப்பாடம் செய்துவிட்டேன். வார்த்தையைக் கேட்டால் டக்கென்று அர்த்தம் சொல்லிவிடுவேன். ஆனால் க்ளோஸ் டெஸ்ட்டில், அதாவது ஒரு பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்புகிற பகுதியில், நான்கு ஆப்ஷன் கொடுத்தால் நான்குமே சரி மாதிரி தெரிகிறது. எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகர், விருதுநகர்

பதில்: நான்குமே சரி மாதிரி தெரிவதற்குக் காரணம் அந்தப் பி.டி.எஃப்.தான், உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். அதை எடுத்து 'மிட்டிகேட்' என்ற சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'தணித்தல், குறைத்தல்' என்று இருக்கும். 'அலீவியேட்' என்பதற்கு? அதுவும் தணித்தல், குறைத்தல். 'அபேட்' என்பதற்கும் அதேதான். 'ரிட்யூஸ்' பற்றிக் கேட்கவே வேண்டாம். நான்குக்கும் ஒரே தமிழ் அர்த்தத்தைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனால், அங்கே எதை வைத்துப் பிரிப்பீர்கள்?

ஆங்கிலத்தில் இந்த நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மிட்டிகேட் என்றால் ஒரு கெடுதலின் கடுமையைக் குறைப்பது. வரப்போகிற கெடுதலாக இருக்கலாம், வந்துவிட்டதாகவும் இருக்கலாம். அதோடு சேர்ந்து வருகிறவை ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் மாதிரியான சொற்கள். அலீவியேட் பெரும்பாலும் அனுபவிக்கிற துன்பத்தோடு வரும்: பெயின், பாவர்ட்டி, சஃபரிங். மாத்திரை தலைவலியை அலீவியேட் செய்யும். அபேட் அநேகமாகத் தானாகத் தணிவது, புயல் அபேட் ஆகும், கோபம் அபேட் ஆகும், அதற்குப் பின்னால் செயப்படுபொருள் பெரும்பாலும் இருக்காது. ரிட்யூஸ் எதோடும் சேரும், விலையைக் குறைக்கலாம், எடையைக் குறைக்கலாம், சம்பளத்தையும் குறைக்கலாம். ஆனால் சம்பளத்தை மிட்டிகேட் செய்ய முடியாது, ஏனென்றால் சம்பளம் ஒரு கெடுதல் இல்லை. ஆக, கோடிட்ட இடத்துக்கு அடுத்து ரிஸ்க் என்று இருந்தால் எது, 'புயல்' எழுவாயாக வந்து கோட்டுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி விழுந்தால் எது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஜே.ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957ல் இதைத்தான் சொன்னார், ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து வருகிறதோ அதை வைத்துத்தான் அறிய முடியும் என்று. தமிழில் நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம். மழை என்றால் கனமழை, காயம் என்றால் பலத்த காயம், வெயில் என்றால் கடும் வெயில். 'கன வெயில்' என்று யாரும் எழுதமாட்டோம், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவும் தெரியாது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் வருவதற்கு வாக்கியங்களைப் படிப்பதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

ஆனால் எல்லா வாக்கியமும் கற்றுக்கொடுக்காது. 'ஷி இஸ் எ மெட்டிக்குலஸ் பர்சன்' என்று ஒரு உதாரணம் பல பட்டியல்களில் இருக்கும். மெட்டிக்குலஸை எடுத்துவிட்டுப் பாருங்கள். அங்கே சோம்பேறி, கோபக்காரி, நல்லவள் என்று எதை வேண்டுமானாலும் போடலாம். அந்த வாக்கியம் சொல்லைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இதையே 'எங்கள் கணக்காளர் அவ்வளவு மெட்டிக்குலஸ், ஒரு ரூபாய் இடித்தாலும் மாதக் கணக்கு முழுவதையும் முதலிலிருந்து சரிபார்ப்பார்' என்ற பொருளில் ஒரு வாக்கியமாக எழுதினால், சொல்லை மறைத்தாலும் நுணுக்கமான கவனம் உள்ளவர் என்று வாசிக்கிறவருக்குப் புரிந்துவிடும். உதாரண வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க இதுதான் சோதனை, சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள், மீதி வாக்கியம் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இனி நோட்டில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம், கூடவே வருகிற இரண்டு மூன்று சொற்கள், செய்தித்தாளில் கண்ணில் பட்ட ஒரு வாக்கியம், கடைசியாக உங்கள் ஊரை வைத்து நீங்களே எழுதிய ஒன்று. பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் சேதத்தைக் குறைக்க என்னென்ன செய்கிறார்கள் என்று விருதுநகர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அதையே மிட்டிகேட் போட்டு எழுதுங்கள். அப்போது இலக்கணமும் தானாகத் தெரிந்துவிடும்: 'மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், 'அகெய்ன்ஸ்ட்' சேர வேண்டியது 'மிலிட்டேட்' என்ற வேறொரு சொல்லோடு. பி.டி.எஃப்.பைத் தூக்கிப் போடவேண்டாம். வாசிக்கும்போது எதிர்ப்பட்ட சொல் அதில் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதுகிற, சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதற்குப் பெயர்போன ஜி.ஆர்.இ. தேர்விலேயே 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் நீக்கிவிட்டு, வாக்கியத்தை நிரப்புகிற கேள்விகளைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கேள்வி: இன்று படிக்கிற சொற்கள் அடுத்த வாரம் சுத்தமாக மறந்துவிடுகின்றன. திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தும் நிற்கவில்லை.
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: ஒரே நாளில் இருபது தடவை எழுதுவதுதான் பிரச்சினை. அந்த இருபதையும் சில வாரங்களுக்குப் பிரித்துப் போடுங்கள். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக விழுகிறது, அப்புறம் மெதுவாகிறது என்பது அதில் தெரிந்தது. அதனால் முதல் திருப்புதல் சீக்கிரம் வரவேண்டும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இதற்கு எளிய வழி அட்டைகள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972ல் பிரபலப்படுத்திய முறை இது. வீட்டில் சேர்ந்துகிடக்கிற கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, அச்சில்லாத பக்கம் வருகிற மாதிரி சீட்டுக்கட்டு அளவில் வெட்டிக்கொள்ளுங்கள், நல்ல கெட்டி அட்டையாக இருக்கும். மூன்று டப்பாக்கள் போதும். முதல் டப்பாவைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பாகச் சொன்னது எந்த டப்பாவில் இருந்தாலும் முதலாவதற்கே திரும்பி வரும். அவ்வளவுதான். உங்களுக்கு வராத சொற்கள் தினமும் கண்ணில் படும், வந்துவிட்டவை தொந்தரவு செய்யாது.

ஆனால் அட்டையின் முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். வாக்கியத்தை எழுதிச் சொல் வரும் இடத்தில் கோடு போடுங்கள், சொல்லும் அதன் துணைச் சொற்களும் பின்பக்கம் இருக்கட்டும். சொல்லைப் பார்த்து அர்த்தம் சொல்வது சுலபம், இடத்தைப் பார்த்துச் சொல்லைக் கொண்டுவருவதுதான் கஷ்டம், பேசும்போதும் எழுதும்போதும் நமக்கு வேண்டியது அதுதான். இதே வேலையைச் செய்ய 'ஆன்கி' என்ற செயலி இருக்கிறது, கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். அதை வைத்துக்கொள்வதென்றால் அட்டைகளை நீங்களே தயார் செய்யுங்கள். அடுத்தவர் செய்துவைத்த அட்டைக் கட்டைத் தரவிறக்கினால் விருதுநகர்க்காரரின் பி.டி.எஃப். கதைதான்.

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டில் பழைய லிஃப்கோ அகராதி இருக்கிறது. ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி வாங்கச் சொல்கிறாள் டீச்சர். அவசியமா?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: வாங்கலாம், ஆனால் எந்த ஆங்கில அகராதி என்பது முக்கியம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்காக எழுதிய அகராதியைக் கொடுத்தால் குழந்தை ஒரு சொல்லைத் தேடி, அதன் விளக்கத்தில் இருக்கிற மூன்று சொற்களைத் தேடி, கடைசியில் புத்தகத்தை மூடிவிடும். சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் 'ரெட்டிக்குலேட்டட்', 'டெக்கஸேட்டட்' என்றெல்லாம் வரும். வலை மாதிரிப் பின்னியது என்று சொல்வதற்கு இவ்வளவு.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே எழுதிய அகராதிகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் வந்தன. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஏ.எஸ். ஹார்ன்பி அங்கே 1942ல் வெளியிட்ட அகராதிதான் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் ஆனது. 1978ல் வந்த லாங்மேன் அகராதி ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதியது. 1987ல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாகக் கொடுத்தது. ஒரு சொல் எப்படிப்பட்ட மனிதரோடு, எந்தச் சூழலில் வருகிறது என்று விளக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்த மூன்றில் எதுவானாலும் பிளஸ் ஒன்னுக்கு நல்லது. புத்தகம் வாங்க வசதிப்படவில்லை என்றால் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், லாங்மேன் இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

லிஃப்கோவை அலமாரியில் தூக்கி வைத்துவிடாதீர்கள். பறவை, செடி, நோய், உலோகம் போன்றவற்றின் பெயர்களுக்குத் தமிழ் அர்த்தம்தான் வேகமானது. ஆங்கில விளக்கத்தைப் படித்து, தமிழில் இதை என்ன சொல்வோம் என்று மகள் தானே யோசித்து, அப்புறம் லிஃப்கோவில் சரிபார்த்தால் இரட்டை லாபம்.

கேள்வி: 'தி இந்து' தலையங்கத்தை அகராதி இல்லாமல் படிக்க எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் 2006ல் கணக்கிட்டது இது: செய்தித்தாளோ நாவலோ தடையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். குடும்பம் என்றால் டிசைட், டிசிஷன், டிசைசிவ், இன்டிசைசிவ் எல்லாம் சேர்த்து ஒன்று. தடையில்லாமல் என்பதற்கு அவர் வைத்த அளவு 98 சதவீதம், அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம்.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஏணிப்படி மாதிரி ஏறலாம். டாக்காவில் பல ஆண்டுகள் ஆங்கிலக் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953ல் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களைத் தொகுத்தார். அதற்கு மேல் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 குடும்பங்கள், கல்லூரிப் பாடநூல்கள் போன்றவற்றில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அவைதான். அனலைஸ், கன்டெக்ஸ்ட், சிக்னிஃபிகன்ட் மாதிரியான சொற்கள். இந்த 570ஐ அரைகுறையாக விட்டுவிட்டு, தலையங்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை வருகிற பகட்டான சொல்லைத் தேடிக் குறித்துக்கொள்கிறவர்கள் நிறைய. அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லத்தீன் வேர்ச்சொல் படித்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரேயடியாக வந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: உதவும், ஆனால் பாதி வழிக்குத்தான். 'லோக்வி' என்றால் பேசுவது என்று தெரிந்தால் எலோக்வென்ட், லோக்வேஷியஸ், சொலிலோக்வி மூன்றும் பேச்சைப் பற்றியவை என்று ஊகிக்கலாம். ஆனால் 'எனர்வேட்' என்ற சொல் எனர்ஜி மாதிரி இருக்கிறதே என்று நம்பினால் போச்சு, அதற்குத் தெம்பை உறிஞ்சிவிடுவது என்று அர்த்தம். 'ரெஸ்டிவ்' என்றால் ஓய்வில் இருப்பவர் கிடையாது, நிலைகொள்ளாமல் தவிப்பவர். 'நாய்சம்' என்பதில் சத்தமே இல்லை, துர்நாற்றம்தான் இருக்கிறது. தேர்வு வைக்கிறவர்களுக்கு இந்த மூன்றும் ரொம்பப் பிடிக்கும். வேரை வைத்து ஊகியுங்கள், அகராதியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: படித்துத் தெரிந்துகொண்ட சொற்களைப் பேசும்போது உச்சரிப்பில் மாட்டிக்கொள்கிறேன்.
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: எழுத்தை நம்பியதால் வருவது. எபிட்டமி என்பதை 'எபிடோம்' என்றும், ஹைப்பர்பலி என்பதை 'ஹைபர்போல்' என்றும் படித்துவைத்தவர்கள் ஏராளம். சட்டில் என்ற சொல்லில் 'பி' ஒலிக்காது, குற்றம்சாட்டுவதைக் குறிக்கும் இன்டைட்டில் 'சி' ஒலிக்காது. பெரும்பிளவு என்ற பொருளுள்ள கேஸம் எழுத்தில் 'சாஸ்ம்' போலத் தெரியும். இணைய அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் இருக்கிறது. அட்டை எழுதுகிற அன்றே அதை அழுத்திக் கேட்டு, நீங்கள் கேட்டபடியே தமிழில் ஓரமாக எழுதிவையுங்கள். தப்பாகப் பழகிய பிறகு திருத்துவது இரண்டு மடங்கு வேலை.

கேள்வி: ஆபீஸ் மெயிலில் கொஞ்சம் ஹை லெவல் வார்த்தைகள் போட்டால் மதிப்புக் கூடுமா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: 'யூஸ்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'யுட்டிலைஸ்' என்று எழுதுவதால் மதிப்புக் கூடிவிடாது. படிக்கிறவருக்கு இரண்டு நொடி வீண், அவ்வளவுதான். ஆபத்தும் இருக்கிறது. ஒருவரை மனமாரப் பாராட்டுவதாக நினைத்து 'ஃபுல்சம் ப்ரெய்ஸ்' என்று எழுதினால், தெரிந்தவர்கள் அதை அளவு மீறிய முகஸ்துதி என்றுதான் படிப்பார்கள். பிரபலமானவர் என்று சொல்ல 'நொட்டோரியஸ்' போட்டால் கெட்ட பெயர் எடுத்தவர் என்று ஆகிவிடும்.

எளிய சொற்கள் நான்கைந்து செய்கிற வேலையை ஒரே சொல் துல்லியமாகச் செய்யும் என்றால் தயங்காமல் போடுங்கள். க்ளையன்ட் ஒப்புதல் கொடுத்தால்தான் டெலிவரி, இல்லாவிட்டால் கிடையாது என்பதைக் 'கன்டிஞ்சென்ட் ஆன்' ஒரே அடியில் சொல்லிவிடும். ஒரு ரெக்வயர்மென்ட்டை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்றால் அது 'ஆம்பிகுவஸ்'. அதே சமயம், சொல்லைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, கையாள்வது வேறு. வாசிக்கும்போது பல தடவை பார்த்து, கூட வருகிற சொற்களும் பழகிய பிறகுதான் மெயிலுக்குள் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: தேர்வுப் பட்டியலில் 'பரையா' என்ற சொல்லைப் பார்த்து அதிர்ந்தேன். அது நம் சொல்தானே? அதை எழுதலாமா?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: நம் சொல்தான். கட்டுமரத்திலிருந்து கேட்டமரன், சுருட்டிலிருந்து ஷெரூட், மிளகுத் தண்ணீரிலிருந்து மல்லிகடானி, இப்படித் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை உண்டு. அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. பறையர் என்ற சாதிப் பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கே ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்ற பொதுப் பொருளைப் பெற்றுவிட்டது. உலக நாடுகள் விலக்கிவைத்த நாட்டை இன்றும் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். உயிரோடு நம்மோடு வாழ்கிற ஒரு சமூகத்தின் பெயர் அகராதியில் இழிவுக்கு உதாரணமாக நிற்கிறது, அதை எழுதுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. படிக்கும்போது புரிவதற்காகவும், தேர்வில் விடை குறிப்பதற்காகவும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும்போது 'அவுட்காஸ்ட்' என்று எழுதுங்கள், அர்த்தம் துளியும் குறையாது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி. இப்போது இன்ஜினீயரிங் முதல் ஆண்டு. கூடப் படிக்கிறவர்கள் போடுகிற வார்த்தைகளைக் கேட்டால் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், தென்காசி

பதில்: உங்கள் பிளஸ் டூ புத்தகங்களிலிருந்து. நிலைமம் என்றால் என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், நிலையாக இருக்கிற பொருள் நிலையாகவே இருக்கப் பார்க்கும், அசைக்க வெளியிலிருந்து விசை வேண்டும். ஆங்கிலத்தில் அது 'இனர்ஷியா'. பியூரோக்ரட்டிக் இனர்ஷியா என்று தலையங்கத்தில் வந்தால், யாராவது தள்ளினால் ஒழிய நகராத அரசு இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று உங்களுக்கு அந்த நொடியே விளங்கும். வினையூக்கி என்பது 'கேட்டலிஸ்ட்', ஒரு மாற்றத்தைத் தூண்டி விரைவுபடுத்திய மனிதரையோ சம்பவத்தையோ அப்படிச் சொல்வார்கள். உராய்வு 'ஃப்ரிக்‌ஷன்', இரண்டு நாடுகளுக்கு இடையில் இருப்பதும் அதுதான். சமநிலை 'ஈக்விலிப்ரியம்'. சவ்வூடு பரவல் 'ஆஸ்மோசிஸ்', யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமல் கூட இருந்தே ஒன்றைக் கற்றுக்கொள்வதை அப்படிச் சொல்கிறார்கள். 'சாச்சுரேட்டட்' (தெவிட்டிய), 'வோலட்டைல்' (எளிதில் ஆவியாகிற), 'டோர்மன்ட்' (உறக்கநிலையில் உள்ள) எல்லாம் நீங்கள் வேதியியலிலும் உயிரியலிலும் தமிழில் பார்த்துவிட்டவைதான்.

கருத்தைத் தமிழில் தெளிவாகப் படித்தவருக்கு ஆங்கிலச் சொல் ஒரு பெயர் மட்டும்தான், பெயரைக் கற்பது சின்ன வேலை. இந்த வாரம் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலிருந்தும் மொத்தம் பத்துச் சொற்களை எடுங்கள். அகராதியில் இரண்டாவது, மூன்றாவது அர்த்தமாகக் கொடுத்திருக்கிற பொது அர்த்தத்தைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் விடுதியையோ கல்லூரிப் பேருந்தையோ வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். பத்து வாக்கியங்களையும் இந்தப் பகுதிக்கு அனுப்பிவையுங்கள், திருத்தி அடுத்த இதழுக்குள் திருப்பி அனுப்புகிறேன்.